முடக்குவாதம் உள்ளவர்கள் நம்பிப் போகக்கூடிய ஒரு லேப்: கே.கே. நகர், மதுரை

மதுரை கே.கே. நகரில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தரைத்தளத்தில் இருக்கிறது இந்த ரத்தப் பரிசோதனை நிலையம். தரைத்தளம் என்பதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. முழங்கால் வீங்கியிருக்கும் நாளில் மாடி ஏற வேண்டிய லேப், எவ்வளவு நல்ல கருவிகளை வைத்திருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படாது. இங்கே வாசலில் ஒரே ஒரு படி, அதன் பக்கத்தில் சிறிய சரிவுப்பாதை. உள்ளே கைப்பிடி வைத்த நாற்காலிகள், ஊன்றி எழுந்திருக்கலாம். காலை ஆறரை மணிக்குத் திறந்துவிடுகிறார்கள்.

எனக்கு வயது 52. திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. சாக்பீஸ் பிடிக்கும் விரல்களில்தான் முடக்குவாதம், அதாவது மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முதலில் வந்து உட்கார்ந்தது. வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலம், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று என் வண்டி ஓடுகிறது. இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு காரணங்களுக்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் கொடுத்தாக வேண்டும். மருந்து கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்காமல் இருக்கிறதா என்பது ஒன்று. மூட்டுக்குள் எரியும் அழற்சி தணிகிறதா என்பது இன்னொன்று. முதல் வேலையை மதுரையில் ஓரளவு நல்ல எந்த லேபும் செய்துவிடும். இரண்டாவதில்தான் லேபுக்கு லேப் வேறுபாடு தெரிகிறது.

நீண்டகால நோயாளிக்கு ஒற்றை ரிப்போர்ட்டால் ஆவது குறைவு. இன்றைய எண்ணை மூன்று மாதத்துக்கு முந்தைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும். அதே முறை, அதே அலகு, ஏறத்தாழ அதே சூழல். இந்த மூன்றையும் காப்பாற்றுகிற லேபைத்தான் நான் நல்ல லேப் என்பேன். இந்த நிலையம் அதைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆரிலிருந்து தொடங்குகிறேன். மிகப் பழைய பரிசோதனை இது; மிக மலிவானதும்கூட. ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இல் வகுத்த முறைதான் இன்றும் அளவுகோல். நான்கு பங்கு ரத்தத்தோடு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசல் சேர்த்து, 200 மில்லிமீட்டர் அளவுக்கோடுகள் உள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. அது சிவப்பணுக்களை, காசுகளை அடுக்கியது போல, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவைக்கிறது. அடுக்கு கனமாக இருப்பதால் வேகமாக இறங்குகிறது.

இவ்வளவு எளிய பரிசோதனையைக் கெடுப்பதும் எளிது. குழாய் மூன்று பாகை சாய்ந்தாலே அணுக்கள் சரிவில் வழுக்கி விரைந்து இறங்கிவிடும். அறை சூடாக இருந்தால் எண் கூடும். எடுத்த ரத்தத்தை வெளியே நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்தாலும் முடிவு நம்பத்தக்கதாக இருக்காது. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் ரத்தம் சேகரிக்கிறவரின் பைக் பெட்டிக்குள் என் ரத்தம் கோரிப்பாளையம், செல்லூர், ஆரப்பாளையம் எல்லாம் சுற்றி மதியம் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த இ.எஸ்.ஆரை வைத்து என் மருந்தின் அளவை முடிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான சி.ஆர்.பி.யை, ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் சீரத்தில் பார்ப்பதால் அது இந்தப் பயணத்தைத் தாங்கும். இ.எஸ்.ஆர். தாங்காது.

இங்கே ரத்தம் எடுத்த அரை மணி நேரத்துக்குள் குழாயை ஏற்றிவிடுகிறார்கள். உள்ளறைக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டிருப்பதால் வெளியே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். குழாய்கள் நிற்கும் தாங்கிமேல், கொத்தனார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பாரே, அந்த ரசமட்டம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. உரிமையாளர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் முதல் வேலையாக அந்த மட்டத்தின் குமிழியைப் பார்க்கிறார். நோயாளிகள் உட்காரும் கூடத்தில் மின்விசிறி மட்டும்தான்; குளிர்சாதனம் அந்த உள்ளறைக்குத்தான் வைத்திருக்கிறார். கூடத்தில் வியர்க்கிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த ஏற்பாட்டில் முழுச் சம்மதம். பணம் எங்கே செலவாக வேண்டுமோ அங்கே செலவாகியிருக்கிறது.

ஒரு சிறு சாய்வுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று கேட்கலாம். மூட்டு மருத்துவர்கள் நோயின் தீவிரத்தை அளக்க டி.ஏ.எஸ். 28 என்ற மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வலிக்கிற மூட்டு எத்தனை, வீங்கிய மூட்டு எத்தனை என்று எண்ணுவார்கள். நம் நிலைமையை நூற்றுக்கு எவ்வளவு என்று நம்மையே சொல்லச் சொல்வார்கள்; எண் கூடினால் நிலைமை மோசம். இவற்றோடு இ.எஸ்.ஆரையும் ஒரு சூத்திரத்தில் போடுவார்கள். மொத்தம் 2.6க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 3.2 வரை குறைந்த தீவிரம், 5.1 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமை. அந்தச் சூத்திரத்தில் இ.எஸ்.ஆர். அப்படியே நுழைவதில்லை. அதன் இயல் மடக்கையை 0.70ஆல் பெருக்கிச் சேர்க்கிறார்கள்.

மடக்கை என்றதும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதன் பொருளைப் பாருங்கள். இ.எஸ்.ஆர். 40இலிருந்து 80 ஆனால் மதிப்பெண் ஏறத்தாழ 0.49 கூடும். 10இலிருந்து 20 ஆனாலும் அதே 0.49தான் கூடும். அதாவது, நோய் நன்றாக அடங்கி எண்கள் சிறிதாக இருக்கும் கட்டத்தில் பத்து மில்லிமீட்டர் பிழைகூட மதிப்பெண்ணைப் பெரிதாகத் தள்ளிவிடும். 2.6க்கும் 3.2க்கும் உள்ள தூரமே 0.6தான். மருந்தைக் குறைக்கலாமா, அப்படியே தொடரலாமா என்று மருத்துவர் யோசிக்கும் நேரத்தில்தான் குழாய் மிகமிக நேராக நிற்க வேண்டும். என் மாணவர்களுக்கு மடக்கை நடத்தும்போது இப்போதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன்.

என் சொந்த ரிப்போர்ட்டிலேயே இது நடந்தது. ஒரு முறை இ.எஸ்.ஆர். 58 என்று வந்தது. அதற்கு முந்தைய எண் 20. சி.ஆர்.பி. மட்டும் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று அமைதியாக இருந்தது. வலித்தது ஒரே ஒரு மூட்டு, வீக்கம் எதிலும் இல்லை, என் நிலைக்கு நான் கொடுத்த எண் 20. கணக்குப் போட்டால், முன்பு 2.94 ஆக இருந்த மதிப்பெண் 3.68க்கு ஏறிவிட்டது. மூட்டில் எதுவுமே மாறவில்லை, நான் மட்டும் குறைந்த தீவிரத்திலிருந்து நடுத்தரத்துக்குப் போய்விட்டேன். ரிப்போர்ட்டின் அடியில் உரிமையாளர் தம் கையால் எழுதியிருந்தார்: “ஹீமோகுளோபின் 9.2. இ.எஸ்.ஆரை இதோடு சேர்த்துப் பார்க்கவும்.”

ரத்தசோகை இருந்தால், அழற்சி இல்லாமலேயே இ.எஸ்.ஆர். கூடும். அணுக்கள் குறைவாக இருப்பதால் தடையின்றி இறங்குகின்றன. நம் ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால், அந்த ஒரு வரிக் குறிப்பு எத்தனை பேரைத் தேவையற்ற மருந்திலிருந்து காப்பாற்றக்கூடும் என்று தோன்றுகிறது. என் மருத்துவர் அந்தக் குறிப்பைப் படித்தார், மூட்டுகளை மறுபடி அழுத்திப் பார்த்தார், மெத்தோட்ரெக்சேட்டைத் தொடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஹீமோகுளோபின் ஏறிய பிறகு இ.எஸ்.ஆர். 24க்கு வந்தது. லேப்காரர் மருத்துவர் வேலையைச் செய்யக் கூடாது. அவர் செய்யவும் இல்லை. மருத்துவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கும்படி செய்தார்.

சி.ஆர்.பி. வேறு வகை. கல்லீரல் உருவாக்கும் புரதம் அது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1930இல் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்குகிறது, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகிறது, அழற்சி தணிந்தால் விரைவாக இறங்குகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். இ.எஸ்.ஆரோ இறங்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பதை முதலில் சொல்வது சி.ஆர்.பி.தான், ரத்தசோகையும் வயதும் அதை இந்த அளவுக்குக் குழப்புவதில்லை.

ஆனால் எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த வேறொரு இடத்தில் என் சி.ஆர்.பி. எண்கள் 6, 12, 24, 12 என்று வந்தன. கணிதம் நடத்துகிறவளுக்கு இந்த வரிசையைப் பார்த்ததும் உறுத்தியது. எப்போதும் இரட்டிப்பாகவே ஒரு நோய் எப்படி ஏறி இறங்கும்? விசாரித்தபோது புரிந்தது. அங்கே கண்ணாடித் தகட்டில் லேடெக்ஸ் துளியோடு சீரத்தைக் கலந்து, திரிகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். திரிந்தால், பாதியாக நீர்த்து மறுபடி பார்க்கிறார்கள். பின் கால் பங்கு, அரைக்கால் பங்கு. அந்த முறையில் 13 இருந்தாலும் 12தான், 23 இருந்தாலும் 12தான். காய்ச்சல் நோயாளிக்கு அழற்சி உண்டா இல்லையா என்று அவசரமாகப் பார்க்க அது போதும். மாதக்கணக்கில் ஒரு நோயைப் பின்தொடர அது போதாது. கே.கே. நகர் நிலையத்தில் கலங்கல் அளவை ஒளியால் அளக்கும் கருவி இருக்கிறது, 4.1, 7.8, 13.6 என்று உண்மையான எண்கள் கிடைக்கின்றன. எந்த முறை என்பதை ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டும் விடுகிறார்கள்.

அலகையும் பாருங்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் இடத்திலும், டெசிலிட்டருக்கு இத்தனை என்று இன்னோர் இடத்திலும் போடுகிறார்கள். இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. டெசிலிட்டரில் 1.4 என்பதும் லிட்டரில் 14 என்பதும் ஒன்றே. லேப் மாற்றியவர்கள் பலர் 1.4க்குப் பின் 12 வந்ததைப் பார்த்து நடுங்கிப்போகிறார்கள். உண்மையில் அவர்களுக்கு நோய் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இந்த நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வரவேற்பு மேசையில் நடக்கும் விசாரணை. ரத்தம் எடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார்: “டீச்சர், இந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல், பல் வலி, சிறுநீர் எரிச்சல் ஏதாவது இருந்ததா? ஊசி, தடுப்பூசி போட்டீர்களா? மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை?” ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் சி.ஆர்.பி. எகிறும், அது மூட்டின் குரலா கிருமியின் குரலா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாளோ அடுத்த நாளோ ரத்தம் எடுத்தால் கல்லீரல் நொதிகள் தற்காலிகமாகக் கூடிக் காட்டக்கூடும். அடுத்த மாத்திரைக்கு ஓரிரு நாள் முன்பு எடுப்பதுதான் சரி. நான் ஞாயிறு இரவு மாத்திரை போடுகிறவள் என்பதால் எனக்குச் சனிக்கிழமை என்று அவர்களே குறித்துவைத்திருக்கிறார்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய்வந்து, கூட்டத்தில் தொற்றிய இருமலோடு ஒரு முறை லேபுக்குப் போனேன். அந்தப் பெண் உரிமையாளரைக் கூப்பிட்டார். “கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம் டீச்சர். சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இரண்டையும் இருமல் நின்று இரண்டு வாரம் கழித்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்றார் அவர். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை மதுரையில் நான் அடிக்கடி பார்த்ததில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இதே நோய்க்கு டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து போட்டுக்கொள்கிறவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். கல்லீரலுக்கு “சி.ஆர்.பி. உருவாக்கு” என்று சொல்லும் இன்டர்லூகின் 6 என்ற புரதத்தின் வேலையையே அந்த மருந்து தடுத்துவிடுகிறது. அவர்களுக்குத் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. தாழ்ந்தே இருக்கலாம். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை இங்கே கேட்டு எழுதிக்கொள்வது அதற்காகவும்தான்.

பேக்கேஜ் விற்பதில்லை என்பது அடுத்த பெரிய நன்மை. “மூட்டு வலி முழுப் பரிசோதனை” என்று ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஏ.எஸ்.ஓ., யூரிக் அமிலம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒவ்வொரு தடவையும் எடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. ஆன்டி சி.சி.பி. அருமையான பரிசோதனை, மறுக்கவில்லை. முடக்குவாதத்தை உறுதிப்படுத்துவதில் ஆர்.ஏ. ஃபேக்டரைவிட அது தெளிவாகப் பேசும். நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் தோன்றிவிடவும் கூடும். ஆர்.ஏ. ஃபேக்டரோ நோயே இல்லாத முதியவர்களிடமும், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடமும்கூடத் தென்படும். ஆனால் இவை இரண்டும் நோய் எது என்று பெயர் சொல்லும் பரிசோதனைகள். இன்று எவ்வளவு எரிகிறது என்பதை அவற்றின் ஏற்ற இறக்கம் நம்பகமாகச் சொல்லாது. ஒரு முறை பாசிட்டிவ் என்று உறுதியானவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 1,500 ரூபாய் செலவழித்து மறுபடி பார்ப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தில் எத்தனை சி.ஆர்.பி. பார்க்கலாம்! மேலூரிலிருந்து வந்த ஓர் அம்மா பழைய ரிப்போர்ட்டைக் காட்டி ஆன்டி சி.சி.பி. கேட்டபோது, “இது ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதம்மா, டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் எடுக்கலாம்” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைப் பாதிக்காமல் இருக்கிறதா என்று சோதிக்க அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமிக்கும் இதே முடக்குவாதம்தான். இளம் வயதிலேயே விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்குமேல் கண் அறுவைகள் செய்தார். அவர் நோயில் விழுந்த 1940களின் இறுதியில் இ.எஸ்.ஆர். இருந்தது, ஆர்.ஏ. ஃபேக்டர் அப்போதுதான் அறியப்பட்டுக்கொண்டிருந்தது. மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று எனக்கு விரல் நேராக இருக்கிறது என்றால் அது என் மன உறுதியால் இல்லை. நோயை ஆரம்பத்திலேயே பிடித்து, எண்களைப் பார்த்துப் பார்த்து மருந்தைச் சரிசெய்ய முடிந்ததால்தான். அதனால் ஒரு லேப் அலட்சியமாக இருப்பதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் இ.எஸ்.ஆருக்கு எல்லாப் பெண்களுக்கும் 20 வரை இயல்பு என்று ஒரே அளவை அச்சிடுகிறார்கள். வயதோடு இ.எஸ்.ஆர். கூடுவது இயற்கை. பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ மேல் எல்லை கிடைக்கும் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கணக்கு. அதன்படி எனக்கு 31 வரை கவலையில்லை. ஆனால் 24 வந்தபோது தடித்த எழுத்தில் “அதிகம்” என்று போட்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி அந்த எழுத்தைப் பார்த்து எவ்வளவு பயப்படுவார்? வயதுக்கேற்ற எல்லையை அச்சிடுவது கணினியில் ஒரு வரி வேலை.

முந்தைய மூன்று முடிவுகளை இன்றைய முடிவின் பக்கத்திலேயே அச்சிட்டுத் தருகிறார்கள், மிகவும் நல்லது. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் அந்தப் பத்தி மங்கலாக வருகிறது. தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் அதிகம், காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். காலை விறைப்பு உள்ளவர்களுக்கு ஒரே நாற்காலியில் அவ்வளவு நேரம் உட்காருவது பெரும் பாடு. முன்பதிவு முறை கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். கழிப்பறைக் கதவில் உருண்டைக் குமிழ் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு வீங்கியவர்களால் அதைத் திருக முடியாது. அழுத்தித் திறக்கும் நீளப் பிடி வேண்டும்.

நான் கடைசியாகக் கொடுத்த கட்டணம் இ.எஸ்.ஆருக்கு 120 ரூபாய், சி.ஆர்.பி.க்கு 450 ரூபாய். ஞாயிறு விடுமுறை. மாதாந்திர நோயாளிகளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். மருந்துகளின் பெயரும் மெத்தோட்ரெக்சேட் கிழமையும் அதில் எழுதியிருக்கும், மறக்காமல் கொண்டுபோங்கள். வேறு லேபிலிருந்து மாறுகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப்போய் அலகையும் முறையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். பொறுமையாக விளக்குகிறார்கள். வயது எல்லையைப் பற்றியும் கதவுக் குமிழைப் பற்றியும் உரிமையாளரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். குமிழை இந்த மாதமே மாற்றிவிடுவதாகச் சொன்னார். ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருள்காரரிடம் பேச வேண்டும் என்றார்.